பாலத்துக்கு அந்தப் பக்கம் செல்லாத பெர்மிட்

பென்சில்வேனியாவில் கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துப் போக ஓர் உரிம அட்டை போதும். கவுண்டி ஷெரீஃப் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, 20 டாலர் கட்டி, பின்னணிச் சோதனையில் தேறினால், ஐந்து வருடத்துக்குச் செல்லுபடியாகும் அட்டை கைக்கு வந்துவிடும். சுடத் தெரியுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. கிழக்கே போனால் டெலவேர் ஆறு, ஆற்றின் மேல் பாலம், பாலம் முடிந்தால் நியூ ஜெர்சி. அங்கே இந்த அட்டைக்கு மதிப்பு கிடையாது. வேறு எந்த மாநிலம் கொடுத்த பெர்மிட்டையும் நியூ ஜெர்சி ஏற்பதில்லை. உரிமம் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்று தீர்ப்பானால், கிரேவ்ஸ் சட்டம் என்று சொல்லப்படும் சட்டத்தின்படி, மூன்றரை வருடம் பரோலுக்கே வழியில்லாத சிறை.

நான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவன். என்னிடம் துப்பாக்கி இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. இந்த நாட்டில் துப்பாக்கிகள் குறைய வேண்டும் என்று நினைக்கிற கூட்டத்தில்தான் என்னையும் சேர்க்க வேண்டும். ஆனாலும் மாநில எல்லையில் மாட்டிக்கொண்டவர்களின் வழக்குகளைத் தேடித் தேடிப் படிக்கிறேன். அதற்குக் காரணம் ஒரு நண்பர். தென்காசிப் பக்கத்துக்காரர், குடியுரிமை வாங்கிப் பல வருடங்கள் ஆகின்றன, ஒரு கேஸ் ஸ்டேஷனும் அதை ஒட்டிய கடையும் நடத்துகிறார். இரவு கல்லாவை எண்ணிப் பூட்டிவிட்டுத் தனியாகக் காருக்கு நடக்க வேண்டிய தொழில். அதற்காக ஒரு துப்பாக்கியும் அட்டையும் வாங்கி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்கோ, எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டுக்கு மளிகை வாங்கவோ குடும்பத்தோடு கிளம்பும்போது அவர் மனைவி கேட்கும் முதல் கேள்வி, "அத வீட்ல வச்சாச்சா?"

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2013 அக்டோபரில் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு பெண் அட்லாண்டிக் சிட்டிக்குப் போகும் நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் தாய். இரண்டு முறை வழிப்பறிக்கு ஆளானதால் துப்பாக்கியும் பென்சில்வேனியா உரிமமும் வாங்கியவர். தடம் மாறியது சரியில்லை என்று போலீஸ்காரர் நிறுத்தினார். நிறுத்தியதும் அந்தப் பெண் தானாகவே சொன்னார்: என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, இதோ உரிமம். உரிமத்தை எடுத்துக் காட்டிய கையில் விலங்கு ஏறியது. வாரக்கணக்கில் சிறையில் இருந்தார். முதல் முறை குற்றத்தில் சிக்கியவர்களை வழக்கு விசாரணை இல்லாமல் கண்காணிப்பில் வைத்து விட்டுவிடும் திட்டம் ஒன்று நியூ ஜெர்சியில் உண்டு. அதில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார். மாவட்ட அரசு வழக்கறிஞர் மறுத்துவிட்டார்.

இங்கேதான் கதை சூடு பிடித்தது. அதே அலுவலகம், அதே காலகட்டத்தில், அட்லாண்டிக் சிட்டி சூதாட்ட விடுதியின் லிஃப்டில் தன் வருங்கால மனைவியை ஒரே அடியில் மயங்கி விழச் செய்த பிரபல அமெரிக்கக் கால்பந்து வீரரை அதே திட்டத்தில் சேர்த்து அனுப்பியிருந்தது. அந்த லிஃப்ட் வீடியோவை நாடே பார்த்தது. அடித்தவருக்குக் கிடைத்த சலுகை, உண்மையைச் சொன்ன தாய்க்கு ஏன் இல்லை என்று தொலைக்காட்சிகள் கேட்க ஆரம்பித்தன. 2014 செப்டம்பரில் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் எல்லா அரசு வழக்கறிஞர்களுக்கும் ஒரு விளக்கக் குறிப்பு அனுப்பியது. வேறு மாநில உரிமம் வைத்துக்கொண்டு, சட்டம் தெரியாமல் எல்லை தாண்டி வந்தவர்களைப் பெரும்பாலும் சிறைக்கு அனுப்ப வேண்டாம் என்பது அதன் சாரம். அதன் பிறகு அந்தப் பெண்ணும் திட்டத்தில் சேர்க்கப்பட்டார். 2015 ஏப்ரலில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி முழு மன்னிப்பு வழங்கினார். அதற்கு மூன்று மாதம் கழித்து அவர் அதிபர் தேர்தல் களத்தில் குதித்தார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். துப்பாக்கி விஷயத்தில் நியூ ஜெர்சிக் கறையைக் கழுவாமல் குடியரசுக் கட்சி வாக்காளர்கள் முன் போய் நிற்க முடியாது.

இதைக் கேட்டதும் என் நண்பர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தம்பி, இங்க எடுத்த டிரைவிங் லைசென்ஸ் அங்க செல்லுதுல்லா? இதுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

அமெரிக்காவில் இந்த விவாதத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நாடாளுமன்ற உறுப்பினர்களும் கேட்கிறார்கள். ஆனால் டிரைவிங் லைசென்ஸ் ஐம்பது மாநிலத்திலும் செல்வதற்கு அரசியல் சட்டமோ மத்திய அரசோ காரணமில்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் சொந்தச் சட்டத்தில் "அடுத்த மாநிலக்காரர் அவர் ஊர் லைசென்ஸை வைத்து இங்கே ஓட்டலாம்" என்று எழுதி வைத்திருக்கிறது. எழுதத் துணிந்ததற்குக் காரணம், எங்கே போனாலும் கண் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, சாலையில் ஓட்டிக் காட்டுவது என்று நடைமுறை ஏறத்தாழ ஒன்றுதான். துப்பாக்கியில் அந்த ஒற்றுமை இல்லை. 29 மாநிலங்களில் மறைத்து எடுத்துப் போக உரிமமே தேவையில்லை. நியூயார்க்கில் 16 மணி நேர வகுப்பும் இரண்டு மணி நேரம் சுட்டுப் பழகுவதும் கட்டாயம். நியூ ஜெர்சியின் வாதம் சுருக்கமானது: நீங்கள் சுட்டுப் பார்க்காமல் கொடுத்த அட்டையை நாங்கள் எதை நம்பி ஏற்பது? எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. அதற்காக மூன்றரை வருடமா என்பது வேறு கேள்வி.

சரி, இறங்காமல் கடந்து போகிறவர்களுக்கு? அதற்கென்று ஒரு மத்தியச் சட்டம் 1986 முதல் இருக்கிறது. துப்பாக்கி உரிமையாளர்கள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர். புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருந்தால், நடுவில் உள்ள மாநிலங்களின் சட்டம் எப்படி இருந்தாலும் கொண்டு போகலாம். நிபந்தனைகள் உண்டு. தோட்டா ஏற்றியிருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்டக் கூடாது. டிக்கி தனியாக இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், முன்னிருக்கை எதிரே உள்ள குளோவ் பாக்ஸ் அந்தக் கணக்கில் சேராது. படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. என் நண்பருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை என்பது இரண்டாம் முறை படித்தால்தான் தெரியும். அவர் போய்ச் சேரும் இடமே நியூ ஜெர்சி. பென்சில்வேனியாவிலிருந்து நியூ ஜெர்சி வழியாக கனெக்டிகட் போகிறார் என்றாலும், கனெக்டிகட்டில் எடுத்துச் செல்ல அவருக்கு உரிமை இருந்தாக வேண்டும்.

அந்தப் பாதுகாப்பு எவ்வளவு மெல்லிய நூல் என்று காட்டியது நூவர்க் விமான நிலைய வழக்கு. 2005இல் யூட்டா மாநிலத்துக்காரர் ஒருவர் சால்ட் லேக் சிட்டியிலிருந்து பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்குப் பயணம் செய்தார். நூவர்க்கில் விமானம் மாற வேண்டும். துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் கெட்டியான பெட்டியில் பூட்டி, விமான நிறுவனத்திடம் அறிவித்து, சரக்குப் பகுதியில் போட்டிருந்தார். விதிப்படி எல்லாம் சரி. முதல் விமானம் தாமதம், இணைப்பு விமானம் போய்விட்டது. ஆலன்டவுனுக்கு ஒரு பஸ் ஏற்பாடு செய்தார்கள். பஸ்ஸில் ஏறிய பிறகு பார்த்தால் பெட்டி வரவில்லை. இறங்கிப் போய்ப் பெட்டியைத் தேடி எடுப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. பெட்டியோடு விமான நிலைய ஓட்டலில் ஓர் இரவு தங்கினார். மறுநாள் காலை கவுன்ட்டரில் நின்று, வழக்கம் போல, "பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது" என்று அறிவித்தார். கைது.

சில நாட்கள் சிறை. பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். துப்பாக்கியும் மற்ற பொருட்களும் திரும்பக் கிடைக்கக் கிட்டத்தட்ட மூன்று வருடம். அவர் நஷ்டஈடு கேட்டு மத்திய நீதிமன்றத்துக்குப் போனார். 2010இல் மூன்றாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஓட்டலில் இருந்த இரவு பெட்டி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, ஆகவே 1986 சட்டத்தின் நிழல் அந்த இரவுக்கு இல்லை என்றது தீர்ப்பு. அவர் மேல் நீதிபதிகளுக்கு இரக்கம் இருந்தது. அதனால் ஒரு யோசனையும் எழுதி வைத்தார்கள்: இப்படி நடுவழியில் மாட்டிக்கொள்பவர் பெட்டியைக் கையில் வாங்கும் முன்பே விமான நிலையப் போலீஸிடம் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று. நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், தெரியாத ஊரில், துப்பாக்கி இருக்கிறது என்று போலீஸிடம் போய்ச் சொல்லும் மனிதரை நான் கற்பனை செய்து பார்க்கிறேன். மறுநாள் காலை அவர் சொன்னதும் அதைத்தானே. உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது.

அதே வருடக் கடைசியில் நியூயார்க்கில் நடந்தது இன்னும் ஒரு படி மேல். டென்னசி மாநிலத்திலிருந்து வந்திருந்த மருத்துவ மாணவி ஒருவர் இரட்டைக் கோபுர நினைவிடத்துக்குப் போனார். வாசலில் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை என்ற பலகையைப் பார்த்தார். தன் கைப்பையில் இருக்கும் துப்பாக்கி நினைவுக்கு வந்தது. அவருக்கு டென்னசி உரிமம் உண்டு. காவலரிடம் போய், "இதை எங்கே கொடுத்து வைப்பது?" என்று கேட்டார். செருப்பு விடும் இடத்தைக் கேட்பது போலக் கேட்டிருக்கிறார். நியூயார்க்கிலும் தோட்டா ஏற்றிய துப்பாக்கிக்குக் குறைந்தபட்சம் மூன்றரை வருடம். கடைசியில் 2012 மார்ச்சில் சிறு குற்றமாக ஒப்புக்கொண்டு 200 டாலர் அபராதத்தோடு வெளியே வந்தார். பேசாமல் திரும்பி நடந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

இப்படிப்பட்ட வழக்குகளைப் படிக்கப் படிக்க எனக்கு உறுத்துவது ஒன்றுதான். எல்லை தாண்டிய துப்பாக்கிக்காகச் செய்தியில் அடிபட்டவர்களில் பலர் தாங்களே வாயைத் திறந்தவர்கள். அட்டை வைத்திருந்ததால்தான் நம்பிக்கையோடு சொன்னார்கள். சட்டம் தெரிந்த கடத்தல்காரன் சொல்ல மாட்டான். குற்றம் செய்யும் எண்ணத்தோடு இடுப்பில் செருகி வருபவனையும், பலகையைப் பார்த்துப் பதறுபவரையும் குறைந்தபட்சத் தண்டனை என்ற ஒரே தராசில் வைத்தால், வேறுபாடு பார்க்கும் வேலை முழுக்க அரசு வழக்கறிஞரின் மேசைக்குப் போய்விடுகிறது. அந்த மேசை அன்றைக்கு எந்த மனநிலையில் இருக்கிறது என்பது உங்கள் அதிர்ஷ்டம். நீதிபதியால் குறைக்க முடியாத தண்டனையை எழுதி வைத்துவிட்டு, பிறகு ஆளுநரின் மன்னிப்பை நம்பியிருப்பதெல்லாம் நல்ல சட்டமாகாது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாருமே பாவம் என்று ஆகிவிடும். 2023இல் மட்டும் அமெரிக்க விமான நிலையங்களின் சோதனைச் சாவடிகளில், கைப்பைகளில் இருந்து, 6,737 துப்பாக்கிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் 93 சதவீதம் தோட்டா ஏற்றியவை. பிடிபட்டவர்களிடமிருந்து அடிக்கடி வரும் பதில், "பையில் இருந்ததே மறந்துவிட்டது." தோட்டா ஏற்றிய துப்பாக்கி தன் பையில் இருப்பதை மறக்கும் ஒருவரை உங்கள் மாநிலம் நம்பி உள்ளே விட வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது?

இனி ஒரு வரைபடம். ஒவ்வொரு மாநிலமும் எந்தெந்த மாநில உரிமத்தை ஏற்கிறது என்று நிறம் தீட்டிய வரைபடங்களைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கைபேசியில் வைத்திருக்கிறார்கள். நண்பர் ஒரு நாள் எனக்குக் காட்டினார். அது அடிக்கடி மாறும். 2015 டிசம்பரில் வர்ஜினியாவின் அட்டர்னி ஜெனரல் மார்க் ஹெரிங், 25 மாநிலங்களின் உரிமங்களை இனி ஏற்க மாட்டோம் என்று அறிவித்தார். அவற்றின் தகுதி விதிகள் வர்ஜினியா அளவுக்குக் கறாராக இல்லை என்பது காரணம். பிப்ரவரி முதல் நடைமுறை என்றார்கள். ஜனவரி முடிவதற்குள் அவருடைய கட்சியைச் சேர்ந்த ஆளுநரே எதிர்க்கட்சியோடு பேரம் பேசி அதைத் திருப்பிவிட்டார். அந்த ஒரு மாதம் எல்லையோரம் வசித்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

வெர்மான்ட் தனிக் கதை. அங்கே மறைத்து எடுத்துப் போக எப்போதும் உரிமம் தேவைப்பட்டதில்லை. 1903இலேயே மாநில உச்ச நீதிமன்றம் உள்ளூர் அனுமதிச் சீட்டு விதியைத் தள்ளுபடி செய்திருக்கிறது. தேவையில்லாததால் மாநிலம் உரிமம் அச்சடிப்பதும் இல்லை. விளைவு, எல்லாச் சுதந்திரமும் உள்ள வெர்மான்ட்காரரிடம் அடுத்த மாநிலத்தில் காட்ட ஒரு தாளும் கிடையாது. அவர் யூட்டாவுக்கோ புளோரிடாவுக்கோ விண்ணப்பிக்கிறார். அந்த இரண்டு மாநிலங்களும் வெளியூர்க்காரர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கும். யூட்டாவில் காலே வைக்காமல் யூட்டா உரிமம் வாங்கலாம், அதற்கான வகுப்பு உங்கள் ஊரிலேயே நடக்கும். பென்சில்வேனியாவிலும் பலர், உள்ளூரில் மறுக்கப்பட்டவர்கள் உட்பட, புளோரிடா உரிமத்தை வைத்துக்கொண்டு சொந்த ஊரிலேயே திரிந்தார்கள். 2013இல் அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

இதற்குள் இன்னொரு கண்ணிவெடி, பலருக்குத் தெரியாதது. பள்ளிக்கூடத்திலிருந்து ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று ஒரு மத்தியச் சட்டம் உண்டு. உரிமம் பெற்றவர்களுக்கு விலக்கும் உண்டு, ஆனால் அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த உரிமமாக இருக்க வேண்டும். அடுத்த மாநிலம் உங்கள் அட்டையை அன்போடு ஏற்றுக்கொண்டாலும், அந்த ஊர்ப் பள்ளிக்கூடத் தெருவில் நீங்கள் தோட்டா ஏற்றிய துப்பாக்கியோடு கார் ஓட்டினால் மத்தியச் சட்டப்படி குற்றம் என்பது துப்பாக்கி விவகாரங்களைப் பார்க்கும் ஏ.டி.எஃப் அமைப்பின் நிலைப்பாடு. ஆயிரம் அடிக்குள் பள்ளி இல்லாத தெருவாகப் பார்த்துப் பார்த்து எந்த நகரத்தைக் கடப்பது?

நம்மவர்கள் சிலர் இந்த இடத்தில், நாமும் ஒன்று வாங்கினால் என்ன என்று கேட்கக்கூடும் என்பதால் ஒரு வரி. எச்1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு வந்த பிறகுதான் பேச்சே. நண்பரின் துப்பாக்கியை ஆசைக்குச் சுட்டுப் பார்ப்பதற்கு முன்னாலும் வக்கீலிடம் கேளுங்கள். நாடு கடத்தல் வரைக்கும் போகக்கூடிய விஷயம்.

நீதிமன்றத்தில் காற்று மாறியது 2022 ஜூன் 23 அன்று. அதற்கு முன் 2008இல் ஹெல்லர் தீர்ப்பு, வீட்டுக்குள் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று சொல்லியிருந்தது. வீட்டுக்கு வெளியே என்ன என்பதை உச்ச நீதிமன்றம் வருடக்கணக்கில் தீர்க்கவில்லை. 2013இல்கூட, டென்வரில் உரிமம் மறுக்கப்பட்ட வாஷிங்டன் மாநிலத்துக்காரர் தொடுத்த வழக்கில், மறைத்து எடுத்துச் செல்வது அரசியல் சட்ட உரிமையே இல்லை என்று பத்தாவது வட்டார நீதிமன்றம் கையை விரித்தது. 2022இல் வந்த புருவென் தீர்ப்பில், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், வீட்டுக்கு வெளியே ஏந்துவதும் உரிமைதான் என்றது உச்ச நீதிமன்றம். நூறு வருடத்துக்கும் மேலாக நியூயார்க்கில் "தனிப்பட்ட காரணம் காட்டு, பிறகு பார்க்கலாம்" என்றிருந்த முறை அதோடு செத்தது. தகுதி இருந்தால் கொடுத்தாக வேண்டும், அதிகாரியின் விருப்பத்துக்கு விட முடியாது.

உடனே அடுத்த கேள்வி எழுந்தது. அது உரிமை என்றால், மாநில எல்லையில் எப்படி நின்றுபோகும்? பத்திரிகை நடத்தும் உரிமையும் வழிபடும் உரிமையும் பாலத்தில் இறங்கிக்கொள்வதில்லையே.

இந்தக் கேள்விக்கு நான் படித்ததில் சுவாரசியமான பதில் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 11 அன்று ஒரே நாளில் கொடுத்த இரண்டு தீர்ப்புகள். இரண்டிலும் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து வந்தவர். அங்கே 2017 முதல் உரிமமே வேண்டாம். மாசசூசெட்ஸில் உரிமம் இல்லாமல் எடுத்துச் சென்றால் குறைந்தது 18 மாதச் சிறை. இருவரையும் லோவல் நகரத்தில் ஒரு கீழ்நிலை நீதிபதி விடுவித்திருந்தார். மாநில எல்லையைத் தாண்டியதால் மட்டும் ஒருவர் அரசியல் சட்ட உரிமையை இழப்பதில்லை என்பது அவர் நிலைப்பாடு.

மாநில உச்ச நீதிமன்றம் ஒருவரை விட்டது, மற்றவரை விடவில்லை. முதலாமவர் பிடிபட்டபோது இருந்த பழைய சட்டம், வெளிமாநிலத்தவருக்கு உரிமம் "கொடுக்கலாம்" என்று மாநிலப் போலீஸ் தலைமையின் விருப்பத்துக்கு விட்டிருந்தது. அது புருவெனுக்குப் பிறகு நிற்காது, வழக்கு தள்ளுபடி. இரண்டாமவர் பிடிபட்டது 2022 ஆகஸ்டில் சட்டத்தைத் திருத்திய பிறகு. அப்போது தகுதியுள்ள வெளிமாநிலத்தவருக்கு உரிமம் கொடுத்தே ஆக வேண்டும் என்று மாறியிருந்தது. விண்ணப்பித்திருந்தால் கிடைத்திருக்கும், விண்ணப்பிக்கவே இல்லை, ஆகவே வழக்கு தொடரலாம். நியூ ஹாம்ப்ஷயர்க்காரருக்கு உரிமை உண்டு, ஆனால் நியூ ஹாம்ப்ஷயரின் விதிகளைத் தூக்கிக்கொண்டு வர முடியாது, உள்ளூர்க்காரர் நிற்கும் அதே வரிசையில் நிற்க வேண்டும்.

என் மனது ஒப்பும் தீர்ப்பு இது. வந்தவரையும் இருப்பவரையும் ஏறத்தாழ ஒரே மாதிரி நடத்துகிறது. ஏறத்தாழ என்று சொல்வதற்குக் காரணம், உள்ளூர்க்காரருக்கு ஆறு வருடம் வரை செல்லும் உரிமம் வெளியூர்க்காரருக்கு ஒரு வருடம்தான். மற்ற இடங்களும் மெல்ல அந்தப் பக்கம் நகர்கின்றன. நியூயார்க் நகரம் 2024 ஆகஸ்டில் வெளியூர்க்காரர்களின் விண்ணப்பத்தை ஏற்க ஆரம்பித்தது. அதே மாதம் கலிபோர்னியாவில் ஒரு மத்திய நீதிபதி, வெளிமாநிலத்தவருக்கு விண்ணப்பிக்கும் வழியே இல்லாமல் கதவை மூடி வைப்பது சரியில்லை என்று இடைக்காலத் தடை போட்டார். நியூ ஜெர்சியிலும் வெளியூர்க்காரர் மாநிலப் போலீஸிடம் விண்ணப்பிக்கலாம். உறவினர் அல்லாத நான்கு பேர் பரிந்துரை, பயிற்சி, 2022 டிசம்பர் சட்டம் வைத்த 200 டாலர் கட்டணம் எல்லாம் உண்டு. உரிமம் கிடைத்தாலும் பென்சில்வேனியாவில் சர்வசாதாரணமாக விற்கும் முனை குழிந்த தோட்டாவோடு அங்கே நடமாட முடியாது, பத்துக்கு மேல் தோட்டா பிடிக்கும் மேகசினும் கூடாது.

காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், வேறு பாதை போடப் பார்க்கிறார்கள். எந்த மாநில உரிமமும் எல்லா மாநிலத்திலும் செல்லும் என்று ஒரே சட்டமாகக் கொண்டுவரும் முயற்சி. 2009இல் செனட்டில் 58 வாக்கு கிடைத்தது, 60 வேண்டும். 2013இல் 57. 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 231க்கு 198 என்று நிறைவேறியது, செனட்டில் தூங்கிப்போனது. 2025இல் வட கரோலினாவின் ரிச்சர்ட் ஹட்சன் எச்.ஆர். 38 என்ற எண்ணில் மறுபடி கொண்டுவந்தார், மார்ச்சில் நீதித்துறைக் குழுவில் தேறியது. மற்ற நாளெல்லாம் மாநில உரிமை பேசும் குடியரசுக் கட்சி இதில் மட்டும் வாஷிங்டனின் கையை வலுப்படுத்தச் சொல்கிறது. மற்ற நாளெல்லாம் தேசம் முழுக்க ஒரே விதி கேட்கும் ஜனநாயகக் கட்சி இதில் மட்டும் மாநில உரிமை பேசுகிறது. போலீஸ் தலைமை அதிகாரிகளின் சங்கம் எதிர்க்கிறது. ஆனால் பணியில் உள்ள, ஓய்வு பெற்ற போலீஸ்காரர்களுக்கு இதே சலுகையை 2004இலேயே காங்கிரஸ் கொடுத்துவிட்டது, அவர்கள் ஐம்பது மாநிலத்திலும் எடுத்துப் போகலாம்.

எச்.ஆர். 38 எனக்கு உடன்பாடில்லை. பயிற்சி எதுவும் கேட்காத மாநிலத்தின் அளவுகோலே நாட்டுக்கு அளவுகோலாகிவிடும். யூட்டா உரிமம் நியூயார்க் தெருவிலும் செல்லும். மாசசூசெட்ஸ் வழிதான் சரி என்று நண்பரிடம் சொன்னேன். உரிமை எல்லை தாண்டட்டும், அந்த ஊர்ப் பரிட்சையை எழுதிவிட்டு. தெரியாமல் வந்து தானாகச் சொன்னவருக்குக் குறைந்தபட்சச் சிறையை எடுத்துவிடட்டும், அபராதம் போதும்.

அவர் காபியைக் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு, "நம்ம கடைக்கு டீசல் அடிக்க வாராம்லா, அந்த லாரிக்காரன், அவன் என்ன செய்வான்?" என்றார். "வாரத்துக்கு எட்டு மாநிலம் ஓட்டுதான். எட்டு பரிட்சை, எட்டு பீஸ், சிலத வருசா வருசம் புதுப்பிக்கணும். ராத்திரி வண்டிக்குள்ளதான் தூங்குதான். அவனுக்கு வீடு அதுதான். நீ சொல்லுத 86ஆம் வருசச் சட்டப்படி பாத்தா வீட்டுக்குள்ளயே பெட்டியில பூட்டி வைக்கணும்."

லாரி ஓட்டுநர் துப்பாக்கி வைத்திருப்பதற்கு மத்தியத் தடை எதுவும் இல்லை. பெரிய லாரி நிறுவனங்கள் பல தங்கள் வண்டிகளில் கூடாது என்று வேலை விதியாக வைத்திருக்கின்றன. சொந்த லாரி ஓட்டுபவருக்கு அந்த விதியும் கிடையாது. நெடுஞ்சாலை ஓய்விடத்தில், இருக்கைக்குப் பின்னால் உள்ள படுக்கையில் தூங்குகிறவரின் தலைமாட்டு அலமாரி, ஹெல்லர் சொன்ன வீடா, 1986 சட்டம் சொல்லும் வண்டியா? அவர் வண்டி நிறுத்தியிருக்கும் மாநிலத்தைப் பொறுத்து விடை மாறும். எட்டு மாநிலங்கள் சேர்ந்து ஒரு பொதுப் பயிற்சித் தரத்தை ஒப்புக்கொண்டு, அதை முடித்தவருக்கு ஒரே அட்டை கொடுத்தால் பிரச்சினை பாதி தீரும் என்று சொல்லிப் பார்த்தேன். நண்பர் சிரித்தார். "பென்சில்வேனியாவும் நியூ ஜெர்சியும் பாலத்து டோல எப்ப ஏத்துததுன்னே ஒத்துக்கிட மாட்டானுவ தம்பி" என்று சொல்லிக் கடையைத் திறக்கப் போய்விட்டார்.